ஷ்டோக்ஹால்டே சுருள் சுரங்கம்: மலைக்காக வெட்டியதா, பீரங்கிக்காக வெட்டியதா?

தடம்தேடி:

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டினாற்போல் வூட்டாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கிளைப்பாதை ஏறுகிறது. லௌக்ரிங்கனில் தொடங்கி ஹின்ட்சிங்கனில் முடிகிற, ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அதன் நடுப்பகுதிதான் புகழ்பெற்றது. வைட்சென் என்ற சிற்றூருக்கும் ப்ளூம்பெர்க் நகரின் சோல்ஹவுஸ் நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு 10 கிலோமீட்டர்கூட இல்லை. ரயில் ஓடுவதோ சுமார் 25 கிலோமீட்டர். சுற்றிச் சுற்றி ஏறும் இந்தத் தடத்துக்கு ஊர்க்காரர்கள் பன்றிவால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளம்பரப் பலகைகளிலும் இன்று அந்தப் பெயர்தான்.

அந்தச் சுற்றுகளுக்குள் ஒன்று முழுக்க மலையின் வயிற்றுக்குள் நடக்கிறது. அதுதான் ஷ்டோக்ஹால்டே சுரங்கம். நீளம் 1,700 மீட்டர். கிரிம்மெல்ஸ்ஹோஃபென், ஃபியூட்சென் என்ற ஊர்களின் பக்கத்தில் இருக்கிறது. ரயில் உள்ளே நுழைந்து, வட்டமடித்து, நுழைந்த இடத்தைவிட உயரத்தில் வெளியே வருகிறது. இப்படி வட்டமாகவே சுழலும் சுரங்கம் ஜெர்மனியில் வேறு எந்த நடுத்தர மலைப்பகுதியிலும் கிடையாது.

1887-இல் வேலை தொடங்கியது. 1890 மே 20 அன்று பாதை திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் ஆறு சுரங்கங்கள், நான்கு பெரிய பாலங்கள். இவ்வளவு அவசரம் ஒரு கிராமத்துக் கிளைப்பாதைக்கு எதற்கு?

என் வாதத்தை வைத்துவிடுகிறேன். அந்தச் சுரங்கத்தை வெட்ட வைத்தது மலை அன்று. படைத்தலைமையகம் போட்ட ஒரே ஒரு நிபந்தனை. 1871-இல் பிரான்சைத் தோற்கடித்து அல்சாஸை எடுத்துக்கொண்ட பிறகு, தெற்கு ஜெர்மனியிலிருந்து, குறிப்பாக உல்ம் கோட்டைப் பக்கமிருந்து, புதிய எல்லைக்குப் படைகளைக் கொண்டு போக வழி வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த ரைன் கரைப் பாதை ஷாஃப்ஹவுசன், பாசல் ஆகிய சுவிஸ் மண்ணின் வழியே போகிறது. நடுநிலை நாட்டின் நிலத்தில் போர்க்காலத்தில் படை ரயில் ஓட்ட முடியாது. ஆகவே சுவிஸ் எல்லையைத் தொடாமல் சுற்றிப் போகும் பாதை வேண்டும் என்றார்கள். பெரும்பகுதிச் செலவைப் பேரரசே ஏற்றது. பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நோக்கம் தெரிந்துவிடும்.

---

குறுக்குக்கேள்வி:

தடம்தேடி அண்ணா, நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். படைக்காகப் போட்டார்கள் என்பது சரி. ஆனால் அவசரமாகப் படையை அனுப்ப வேண்டியவர்கள் குறுக்கே நேராக ஏறாமல் ஏன் இரண்டரை மடங்கு தூரம் சுற்றினார்கள்? கொஞ்சம் செங்குத்தாக ஏற்றியிருந்தால் சுரங்கச் செலவும் மிச்சம், நேரமும் மிச்சம் அல்லவா?

---

எஞ்சின்புகை:

தம்பி குறுக்குக்கேள்வி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். தடம்தேடி என்னவென்று சொல்லாமல் விட்ட அந்த ஒரே நிபந்தனை இதுதான்: பாதையில் எந்த இடத்திலும் ஏற்றம் 100-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வைட்சென்னுக்கும் சோல்ஹவுஸுக்கும் உயர வேறுபாடு 231 மீட்டர். 100-க்கு 1 என்றால் 231 மீட்டர் ஏறக் குறைந்தது 23.1 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். நிலையங்களில் தடம் சமமாக இருக்க வேண்டும், அதற்கும் சேர்த்தால் 25. பாதையின் உண்மை நீளமும் அதுதான். நிபந்தனையை எழுதிய அன்றே பாதையின் நீளம் முடிவாகிவிட்டது. பொறியாளர்களின் வேலை, 10 கிலோமீட்டருக்கும் குறைவான இடத்துக்குள் அந்த 25 கிலோமீட்டரை எப்படி மடித்து வைப்பது என்பது மட்டுமே.

50-க்கு 1 வைத்திருந்தால் பாதி போதும், 11.5 கிலோமீட்டரில் ஏறியிருக்கலாம். இது அந்தக் காலத்தில் முடியாத காரியமும் இல்லை. இந்தப் பாதையைக் கட்டிய அதே பாடன் மாநில அரசின் ரயில்வே, பக்கத்திலேயே, 1873-இல் முடித்த கருங்காட்டுப் பாதையில் 50-க்கு 1 ஏற்றம் இருக்கிறது. 1887-இல் திறந்த ஹெல்லென்டால் பாதையில் 1,000-க்கு 55. அங்கே எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறும் பற்சட்டத் தண்டவாளம் போட்டு ஏறினார்கள். மூன்று ஆண்டு இடைவெளியில், ஒரே மாநிலத்தில், ஒரே ரயில்வே இப்படி இரண்டு எதிரெதிர்த் தீர்வுகளைக் கட்டியிருக்கிறது.

ஏன் என்றால் எடை. 1,000 டன் ரயில் 100-க்கு 1 ஏற்றத்தில் ஏறும்போது, புவியீர்ப்பு மட்டும் 10 டன் விசையோடு பின்னால் இழுக்கும். 50-க்கு 1-இல் அது 20 டன் ஆகும். ஹெல்லென்டாலில் 55 டன். ஓர் எஞ்சின் அதை இழுக்காது. ரயிலைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்ற வேண்டும், அல்லது கூடுதல் எஞ்சின்களைச் சேர்க்க வேண்டும். பயணிகள் பெட்டி நான்குக்கு அது பரவாயில்லை. பீரங்கி, குதிரை, வெடிமருந்து ஏற்றிய நீண்ட ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது ஒவ்வொன்றையும் மலையடிவாரத்தில் நிறுத்தி உடைத்துக் கோத்துக்கொண்டிருந்தால் பாதை அடைத்துக்கொள்ளும். படைக்கு முக்கியம் ஒரு ரயில் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதன்று. ஒரு நாளில் எத்தனை ரயில்கள் தடையில்லாமல் கடக்கின்றன என்பதே. அதனால்தான் நீளமான, சாய்வு குறைந்த பாதை.

---

பாறைமொழி:

எஞ்சின்புகை ஐயாவின் கணக்கு அருமை. ஆனால் அந்த 231 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே! "மலை அன்று" என்று தடம்தேடி ஒரே வரியில் தள்ளிவிட்டதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நிலத்தின் வரலாறு, ரயிலின் வரலாற்றைவிடச் சுவையானது.

வூட்டாக் ஆறு இன்று ரைன் நதியில் கலக்கிறது. ஆனால் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் பிற்பகுதியில், அது கிழக்கே ஓடி டான்யூப்பில் கலந்தது. ஃபெல்ட்பெர்க் மலையின் பனிக்கட்டி உருகிய நீரெல்லாம் ப்ளூம்பெர்க் வழியாகத்தான் போனது. தெற்கே, மிகத் தாழ்வான ரைன் பள்ளத்தாக்கை நோக்கி வேகமாக அரித்துக்கொண்டிருந்த ஒரு சிற்றாறு பின்னோக்கி அரித்து வந்து, ஆக்டார்ஃப் என்ற இடத்துக்கு அருகே மேலே ஓடிய பெரிய ஆற்றைப் பிடித்துக்கொண்டது. ஆறு சட்டென்று திரும்பித் தெற்கே பாயத் தொடங்கியது. இன்றும் நில வரைபடத்தில் பாருங்கள், ஆக்டார்ஃபில் வூட்டாக் முழங்கையை மடக்கியது போல் திரும்புகிறது.

அதன் விளைவு என்ன? திரும்பிய ஆறு புதிய வழியில் மண்ணை மிக ஆழமாக அறுத்துவிட்டது. பழைய வழியோ அப்படியே உயரத்தில், ஆறில்லாமல், அகலமான வெற்றுப் பள்ளத்தாக்காக நின்றுவிட்டது. ப்ளூம்பெர்க் அந்தப் பழைய தரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து டான்யூப் வரைக்கும் அய்ட்ராக் என்ற சின்ன ஓடை, தன் அளவுக்குப் பொருந்தாத பெரிய பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அகலத்தை வெட்டியது அந்த ஓடை இல்லை, இழந்துபோன பேராறு.

இப்போது ரயிலைப் பாருங்கள். சோல்ஹவுஸிலிருந்து டான்யூப் பக்கம் போகும் பாதை பழைய ஆற்றுத் தரையில் சுகமாக ஓடுகிறது. அங்கே ஒரு சுற்றும் தேவைப்படவில்லை. வைட்சென் பக்கமோ ஆழமாக அறுத்த புதிய பள்ளம். இரண்டு தரைகளுக்கும் நடுவே இருக்கும் படிதான் உங்கள் 231 மீட்டரில் பெரும்பகுதி. படைத்தலைமையகம் 100-க்கு 1 என்று எழுதியது உண்மை. எதை 100-க்கு 1-ஆக ஏற வேண்டும் என்று எழுதியது ஆறு.

---

தடம்தேடி:

பாறைமொழி அக்கா, படியை ஆறு செய்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் படி இருந்தால் ஏறியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? இந்தப் பாதையின் தென்பகுதி 1875-இல் ஷ்டியூலிங்கன் வரைக்கும், 1876-இல் வைட்சென் வரைக்கும் வந்துவிட்டது. அதோடு நின்றுபோனது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வைட்சென் முட்டுச்சந்தாகவே கிடந்தது. மேலே இருக்கும் கிராமங்கள் ரயில் வேண்டும் என்று விரும்பவில்லையா? விரும்பியிருப்பார்கள். அந்த விருப்பத்துக்காக ஒரு மீட்டர் தண்டவாளமும் நகரவில்லை. படைத்தலைமையகம் கேட்டதும் மூன்றே ஆண்டில் மலை திறந்துகொண்டது.

ராபர்ட் கெர்விக் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். கருங்காட்டுப் பாதையைத் திட்டமிட்டவர். சுவிஸ் ஆல்ப்ஸைக் கடக்கும் கோட்ஹார்ட் ரயில் பாதையின் தலைமைப் பொறியாளராக 1870-களில் இருந்தவர். மலைக்குள் வளைந்து உயரம் சேர்க்கும் கலையில் அவரைப் போன்றவர் அந்நாளில் அரிது. வூட்டாக் பாதையின் தொடக்கத் திட்டங்களிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1885-இல் இறந்துவிட்டார். இந்தச் சுருள் சுரங்கத்துக்கு முதல் மண்வெட்டி விழுவதை அவர் பார்க்கவில்லை.

வெட்டியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலியிலிருந்து வந்த கூலியாட்கள் அவர்களில் ஏராளம். ஆல்ப்ஸ் சுரங்கங்களில் கை பழகியவர்கள். பாதையைப் பற்றிய எல்லாப் புத்தகங்களிலும் பாலத்தின் நீளம் இருக்கிறது, சுரங்கத்தின் நீளம் இருக்கிறது. அவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குபவர்கள் குறைவு. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

---

குறுக்குக்கேள்வி:

நேரான சுரங்கம் என்றால் இரண்டு பக்கமிருந்தும் வெட்டி நடுவில் சந்திப்பது புரிகிறது. வட்டமாக வெட்டும்போது இரண்டு அணிகளும் எப்படிச் சந்திக்கின்றன? ஒருவர் கொஞ்சம் திசை தவறினாலும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட மாட்டார்களா?

---

எஞ்சின்புகை:

போய்விடுவார்கள். அதைத் தடுப்பதுதான் அளவையாளரின் வேலை.

நேரான சுரங்கத்தில் வாயிலுக்கு வெளியே ஒரு கருவியை நிறுத்தி, உள்ளே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, கோட்டை நேராகப் பிடித்துக்கொண்டே போகலாம். வளைவில் அந்த வசதி இல்லை. 350 மீட்டர் ஆரமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வளைந்த சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நின்று பார்த்தால் 120 மீட்டருக்குள் எதிர்ச் சுவர் பார்வையை மறைத்துவிடும். ஆகவே வட்டத்தைச் சிறு சிறு நேர்க்கோடுகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் கோணமானியை நிறுத்தி, இவ்வளவு பாகை திரும்பு என்று அளந்து, அடுத்த கோட்டைப் போட வேண்டும். முதல் கோணத்தில் நுழைந்த சிறு பிழை பிறகு வரும் எல்லாக் கோடுகளையும் திருப்பிவிடும். கூடவே உயரமும் ஏறிக்கொண்டே போகிறது, அதையும் தனியாக மட்டம் பார்க்க வேண்டும். எண்ணெய் விளக்கு, ஈரம், வெடிப்புகை, இவற்றுக்கு நடுவே இந்த அளவை நடக்கும். வாயில் வளைவில் செதுக்கிய கல்லைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு அந்தக் கோணங்களில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலர் 1,700 மீட்டருக்கு 100-க்கு 1 என்று பெருக்கி, சுரங்கத்துக்குள் ரயில் 17 மீட்டர் ஏறுகிறது என்பார்கள். அது மேல் வரம்பு. வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உரசுவதால் கூடுதல் இழுவை வேண்டும். ரொக்ல் என்ற பவேரியப் பொறியாளரின் பழைய வாய்பாடு ஒன்று உண்டு: 650-ஐ, ஆரத்தில் 55 கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். 350 மீட்டர் ஆரத்துக்கு அது 2.2 வருகிறது. அதாவது, சமதளத்தில் அந்த வளைவைக் கடப்பதே 1,000-க்கு 2.2 ஏறுவதற்குச் சமம். சுரங்கத்துக்குள் தண்டவாளம் ஈரமாகவும் இருக்கும், சக்கரம் வழுக்கும். நல்ல பொறியாளர் வளைவிலும் சுரங்கத்திலும் ஏற்றத்தைச் சற்றுத் தணித்துத்தான் வைப்பார்.

நீராவி எஞ்சின் ஓட்டுநருக்கு வளைந்த சுரங்கம் கொடுமையானது. நேரான சுரங்கத்தில் காற்று ஊடுருவிப் போகும். வளைந்ததில் புகை தேங்கும்.

---

நெக்கர்கரை:

நான் இருப்பது ஷ்டுட்கார்ட் பக்கம். இந்தப் பாதையில் பயணித்திருக்கிறேன், எப்ஃபென்ஹோஃபென் ஊரில் நின்று ரயிலைப் பார்த்தும் இருக்கிறேன். அங்கே 264 மீட்டர் நீளமும் 34 மீட்டர் உயரமும் உள்ள எஃகுப் பாலம் ஊரின் கூரைகளுக்கு மேலே போகிறது. பாதை ஊரைச் சுற்றி வளைவதால் ஒரே ரயில் ஒரு பக்கம் மறைந்து வேறொரு உயரத்தில், வேறொரு திசையில் மறுபடி வருகிறது. சுருள் சுரங்கத்தில் இருட்டுக்குள் நடப்பதை இங்கே வெளிச்சத்தில் பார்க்கலாம்.

திறந்த பிறகு என்ன ஆனது என்பதை யாரும் எழுதவில்லை. என் பார்வையில் இந்தப் பாதையின் துயரம் அங்கேதான் தொடங்குகிறது. எந்தக் காரணத்துக்காக நீளமாகக் கட்டினார்களோ அதே காரணம் உள்ளூர்க்காரருக்குக் கேடானது. கீழே இருக்கும் சந்தைக்கு நடந்தே போகும் தூரத்துக்கு ரயில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தால் யார் ஏறுவார்கள்? பஸ் வந்ததும் முடிவு தெரிந்துவிட்டது. 1955-இல் நடுப்பகுதியில் பயணிகள் ரயில் நின்றது.

இடையிடையே பாதைக்கு உயிர் வந்தது உண்டு. 1923-இல் பிரெஞ்சுப் படை ஓஃபென்பூர்க் நகரைப் பிடித்துக்கொண்டு ரைன் சமவெளியின் முதன்மைப் பாதையை அடைத்தபோது, தொலைதூர ரயில்கள் இந்த வழியாகத் திருப்பிவிடப்பட்டன. 1930-களில் ப்ளூம்பெர்க்கில் இரும்புத் தாது தோண்டினார்கள். அந்தச் சரக்கு ரயிலில் போனது. 1942-இல் அந்தச் சுரங்கத் தொழிலை மூடிவிட்டார்கள்.

பிறகு வந்ததுதான் விசித்திரம். 1960-களின் முதல் பாதியில், நேட்டோ கூட்டணியின் பணத்தில் பாலங்களும் சுரங்கங்களும் சீர்செய்யப்பட்டன. போர் வந்து ரைன் கரைப் பாதை துண்டிக்கப்பட்டால் மாற்று வழி வேண்டும் என்று அதே பழைய காரணத்தைப் புதிதாகச் சொன்னார்கள். புதுப்பித்துப் பத்து, பன்னிரண்டு ஆண்டுக்குள், 1976 தொடக்கத்தில், நடுப்பகுதி முழுக்க மூடப்பட்டது.

தடம்தேடி, உங்கள் வாதத்துக்கு இது இன்னொரு சான்று. அதே நேரம் அந்தச் செலவு வீண் போகவில்லை. பாதை அவ்வளவு நல்ல நிலையில் இருந்ததால்தான், மூடிய மறு ஆண்டே, 1977-இல், அருங்காட்சியக ரயில் ஓடத் தொடங்க முடிந்தது. தடத்தைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் ப்ளூம்பெர்க் நகரமே வாங்கிக்கொண்டது. சிறிய நகரம் ஒன்று இத்தனை பாலங்களையும் சுரங்கங்களையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

---

இரவுச்சிறகு:

அந்தச் சுரங்கங்களில் ரயிலுக்கு முன்னுரிமை கொடுத்தே எல்லோரும் பேசுகிறீர்கள். இன்று அவற்றில் குடியிருப்பவர்கள் வேறு. குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குகின்றன. ஐரோப்பா முழுக்கக் காக்கப்படும் அரிய இனமான மோப்ஸ் வௌவாலும் அவற்றில் உண்டு. அதனால் குளிர்கால ஓட்டம் கிடையாது. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைதான் ரயில் ஓடுகிறது. கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் ஓட்ட வேண்டும் என்று ஒரு தரப்பும், கூடாது என்று இன்னொரு தரப்பும் நெடுநாள் மோதின.

குளிர்கால உறக்கம் என்றால் என்ன என்று தெரிந்தால் அந்தத் தடையின் நியாயம் புரியும். வௌவால் தன் உடல் வெப்பத்தைச் சுற்றுக் காற்றின் அளவுக்கு இறக்கிக்கொண்டு, இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பை மெல்ல மெல்ல எரித்து நான்கைந்து மாதங்களைக் கடத்துகிறது. ஒருமுறை திடுக்கிட்டு விழித்தால், உடலைச் சூடாக்கவே பல நாள் உணவு செலவாகிவிடும். வெளியே பூச்சி கிடையாது, ஈடுகட்ட முடியாது. புகையும் அதிர்வும் சூடான காற்றும் அடிக்கடி வந்தால் வசந்தம் வரும் முன் செத்துப்போகும்.

---

நெக்கர்கரை:

வௌவாலைக் கொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இரவுச்சிறகு. ஆனால் அந்தச் சுரங்கம் மனிதர் வெட்டியது. ரயில் ஓடியபோது வௌவால் இல்லை, ரயில் குறைந்ததால் வந்தது. அந்தப் பாதையின் வருமானம் பயணிகள் டிக்கெட்தான். டிசம்பரில் குடும்பங்கள் வரும் காலத்தை இழப்பது பாலங்களுக்கு வண்ணம் பூசும் பணத்தை இழப்பதாகும். எஃகுப் பாலம் துருப்பிடித்து மூடப்பட்டால் மக்கள் மறந்துவிடுவார்கள்.

இரண்டுக்கும் இடம் கொடுக்க வழி இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. வைல் டெர் ஷ்டாட்டிலிருந்து கால்வ் நகருக்குப் போகும் பழைய பாதையை மறுபடி திறக்க முனைந்தபோது, ஹிர்சாவ், ஃபோர்ஸ்ட் என்ற இரண்டு சுரங்கங்களிலும் இதே சிக்கல். 1872-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள். வௌவால்கள் ஆயிரக்கணக்கில். கடைசியில் சுரங்கத்தின் உள்ளே நெடுக ஒரு தடுப்பு எழுப்பி, ஒரு பகுதியை ரயிலுக்கும் மறு பகுதியை வௌவாலுக்கும் பிரித்தார்கள். இயற்கைக் காப்பு அமைப்பும் ஒப்புக்கொண்டது.

---

இரவுச்சிறகு:

அந்த ஏற்பாட்டை நானும் மதிக்கிறேன். ஆனால் அது முடிந்ததற்குக் காரணம், அந்தச் சுரங்கங்களை இரண்டு தடங்களுக்கு வேண்டிய அகலத்தில் வெட்டியிருந்தார்கள், இப்போது ஒரு தடம்தான் தேவை. மீதி இடம் கிடைத்தது. ஒற்றைத் தடத்துக்கு அளவாக வெட்டிய எந்தச் சுரங்கத்திலும் இந்த வழி செல்லாது. அங்கே டீசல் அல்லது மின்சார ரயில், இங்கே நிலக்கரிப் புகை, அதையும் எண்ணிப் பாருங்கள்.

யார் முதலில் வந்தார் என்பதும் எனக்கு வலுவான வாதமாகப் படவில்லை. பழைய மரங்களும் குகைகளும் குறைந்துபோன நிலத்தில் அவற்றுக்கு வேறு இடம் எங்கே?

---

பாறைமொழி:

இரண்டு பேருக்கும் ஒரு தகவல். வளைந்த நீண்ட சுரங்கம் வௌவாலுக்குப் பிடிப்பதும், எஞ்சின்புகை ஐயா சொன்ன புகை தேங்குவதும் ஒரே காரணத்தால். காற்று வேகமாக ஊடுருவாது. நடுப்பகுதியில் குளிர்காலத்திலும் உறைபனி எட்டாத, ஏறக்குறைய மாறாத வெப்பநிலை இருக்கும். சுற்றியுள்ள பாறையின் ஆண்டுச் சராசரி வெப்பம் அது. ஓட்டுநரைத் திணறடித்த அதே அமைப்புதான் வௌவாலைக் காக்கிறது.

---

தடம்தேடி:

இந்தத் தகராறில் நான் வௌவால் பக்கம். டிசம்பரில் ரயில் ஓடாவிட்டால் பாதை அழிந்துவிடாது என்று நினைக்கிறேன். நெக்கர்கரை என்னோடு உடன்படமாட்டார், இருக்கட்டும்.

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். வூட்டாக் பாதையைத் தனியாகப் பார்த்தால் என் வாதம் மிகை என்று தோன்றலாம். அதே 1890 மே 20 அன்று திறந்த மற்ற இரண்டு பாதைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஷாஃப்ஹவுசனைச் சுற்ற வூட்டாக் பாதை. பாசல் பக்கத்தைச் சுற்ற ஸெக்கிங்கனிலிருந்து ஷோப்ஃப்ஹைமுக்கு ஒரு பாதை, லியோராக்கிலிருந்து வைலுக்கு இன்னொன்று. மூன்றிலும் சுரங்கம் உண்டு. ஸெக்கிங்கன் பாதையின் ஃபார்னாவ் சுரங்கம் 3,169 மீட்டர், ஷ்டோக்ஹால்டேயின் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. லியோராக் பாதையின் டியூலிங்கன் சுரங்கம் 864 மீட்டர். ஒரே நாளில், ஒரே ஆணையில் பிறந்த மூன்று சுரங்கங்கள். ஊர்களின் தேவையைப் பார்த்துக் கட்டியிருந்தால் மூன்றும் ஒரே நாளில் திறக்க வேண்டிய காரணமே இல்லை.

---

நெக்கர்கரை:

அந்த மூன்றின் இன்றைய நிலையையும் சொல்லிவிடுங்கள், அதில்தான் எனக்கு ஆர்வம். ஃபார்னாவ் 1971-இல் மூடப்பட்டது, பின்னர் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். மூன்றில் நீளமானது அது. இன்று அதன் வழியே எதுவும் போவதில்லை. டியூலிங்கன் சுரங்கத்தில் நாள்தோறும் புறநகர் ரயில் ஓடுகிறது. வைலும் லியோராக்கும் வளர்ந்து நகரங்களாகிவிட்டன. வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் அந்தச் சுரங்கத்தில் போய் வருகிறார்கள். அதை இயக்குவது சுவிஸ் ரயில்வேயின் ஜெர்மன் துணை நிறுவனம். சுவிஸ் மண்ணைத் தவிர்க்க வெட்டிய சுரங்கத்தில் இன்று சுவிஸ் ரயில்வேயின் வண்டி!

வூட்டாக் பாதையிலும் சோல்ஹவுஸுக்கு வடக்கே 2004 முதல் வட்டார ரயில் வருகிறது. ஆகவே "மக்களுக்காக வெட்டவில்லை" என்பதோடு கதையை முடித்துவிடாதீர்கள். எதற்காக வெட்டினார்கள் என்பது ஒன்று. யார் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு. வைட்சென்னுக்குத் தெற்கே உள்ள பகுதியிலும் நாள்தோறும் பயணிகள் ரயில் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அங்கே பெரிய ஏற்றமும் இல்லை, சுற்றும் இல்லை, ஊர்கள் பாதையை ஒட்டியே இருக்கின்றன.

---

குறுக்குக்கேள்வி:

அடுத்த கோடையில் மேற்படிப்புக்காக அந்தப் பக்கம் வர வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாள் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள் அண்ணா. முக்கியமாக, சுரங்கத்துக்குள் ரயில் வட்டமடிப்பதை உணர முடியுமா?

---

நெக்கர்கரை:

ரயில் சோல்ஹவுஸிலிருந்து புறப்பட்டுக் கீழே வைட்சென் போய்த் திரும்பும். புறப்படும் முன் நிலையத்தில் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். கொன்ஸ்டான்ஸ் நகரில் தண்டவாளங்களின் மேல் பாலம் போல் நின்ற பழைய சைகைக் கட்டுப்பாட்டு அறையைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இரும்புக் கால்களில் நிற்கும், உள்ளே நெம்புகோல்கள் வரிசையாக இருக்கும். 2014-இல் பாதைக்கு ஜெர்மன் கட்டுமானப் பொறியியலின் வரலாற்றுச் சின்னம் என்ற மதிப்பும் கிடைத்தது.

ஒரு வழி ரயிலிலும் மறு வழி நடந்தும் போகலாம். பாதையை ஒட்டி நடைவழி குறித்திருக்கிறார்கள். எப்ஃபென்ஹோஃபெனில் கட்டாயம் நில்லுங்கள். ஓட்ட நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா நாளும் ஓடாது.

---

எஞ்சின்புகை:

தம்பி, கீழே இறங்கும்போது எஞ்சினுக்கு வேலை இல்லை, பிரேக்தான் வேலை செய்யும். அதனால் இறங்கும் வழியில் ஜன்னலுக்கு வெளியே பாலங்களைப் பாருங்கள். திரும்பி ஏறும்போது எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இடம் பிடியுங்கள். அப்போதுதான் 100-க்கு 1 என்றால் என்ன என்று காதில் விழும். வளைவில் நுழைந்ததும் இழுவை கூடுவதை நீராவி வெளியேறும் ஓசையின் கனத்தில் கேட்கலாம்.

வட்டமடிப்பதை இருட்டில் உடல் உணராது. வேகம் குறைவு, வளைவு ஒரே சீராக இருக்கிறது. காந்த ஊசியையும் நம்பாதீர்கள், எஃகுப் பெட்டி அதைக் குழப்பும். கைப்பேசியில் சுழற்சியை அளக்கும் உணரி இருக்கும், அதைக் காட்டும் செயலி ஒன்றை முன்பே இறக்கிக்கொண்டு, மேசைமேல் அசையாமல் வைத்து, சுரங்க வாயிலில் தொடங்கி அடுத்த வாயில் வரை எத்தனை பாகை திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். 1,700 மீட்டரையும் அந்தக் கோணத்தையும் வைத்து ஆரத்தை நாமே கணக்கிட்டுவிடலாம்.

சுரங்கத்துக்குள் ஜன்னலை மூடிவிடுங்கள்.